கிட்டார் பையனுக்கு ஒரு கூடம் வேண்டும்!

"கிளப்புக்குப் போய் வருகிறேன்" என்று மகன் சொன்னால் வீட்டில் என்ன நடக்கும்?

அப்பா பத்திரிகையை மடித்து வைப்பார். அம்மா அடுப்பைத் தணித்துவிட்டு வெளியே வருவார். "எந்தக் கிளப்? யாரோடு போகிறாய்? எத்தனை மணிக்குத் திரும்புவாய்?" என்று கேள்விகள் பறக்கும்.

பாட்டி மட்டும் பதறமாட்டார். பாட்டிக்குத் தெரிந்த கிளப் வேறு. அவர் சின்னப் பெண்ணாக இருந்தபோது ஊருக்கு ஊர் "காபி கிளப்" இருந்தது. இட்லி கிடைக்கும். வடை கிடைக்கும். "கிளப்புக்குப் போனேன்" என்றால் காபி குடித்தேன் என்று பொருள்.

அப்பாவுக்குத் தெரிந்தது சீட்டாட்டக் கிளப். அங்கே பணம் போகும். சிலருக்கு மானமும் போகும்.

மகன் சொல்லும் கிளப் இந்த இரண்டும் அல்ல. அது ஒரு சின்னக் கூடம். ஐம்பது பேர், மிஞ்சிப்போனால் நூறு பேர் நிற்கலாம். ஒரு மூலையில் ஓரடி உயரத்துக்கு ஒரு மேடை. அதிலே உள்ளூர் வாலிபர்கள் நாலைந்து பேர் கிட்டாரும் டிரம்ஸும் வைத்துக்கொண்டு பாடுவார்கள். டிக்கெட் வாங்கிக்கொண்டு உள்ளே போய்க் கேட்கலாம். லண்டனிலும் நியூயார்க்கிலும் இப்படிப்பட்ட கூடங்கள் ஏராளம். பெங்களூரிலும் சென்னையிலும் உண்டு. உலகத்தில் "ராக்" இசை வளர்ந்தது பெரிய அரங்குகளில் அல்ல. இந்த மாதிரிச் சின்னக் கூடங்களில்தான்.

குன்னூரில் அப்படி ஒரு கூடம் வேண்டும். பெற்றோர்களும் ஒரு தடவையாவது அங்கே போய் உட்கார வேண்டும். இதுவே நம் கட்சி.

ராக் என்றால் என்ன?

ராக் இசை அமெரிக்காவில் பிறந்தது. அங்கே கறுப்பின மக்கள் தங்கள் துயரத்தைச் சொல்லிப் பாடிய பாட்டுக்கு "புளூஸ்" என்று பெயர். அதுதான் தாய். வெள்ளைக்காரக் குடியானவர்களின் நாட்டுப்பாட்டும் அதில் கலந்தது. 1950-க்குப் பிறகு அது உலகமெங்கும் பரவியது.

கோஷ்டியில் பெரும்பாலும் நாலு பேர் இருப்பார்கள். ஒருவர் ஆறு கம்பி கிட்டார் வாசிப்பார். ஒருவர் நாலு கம்பி "பேஸ்" கிட்டார் வாசிப்பார். ஒருவர் டிரம்ஸ் அடிப்பார். ஒருவர் பாடுவார். சில கோஷ்டிகளில் பாடுகிறவரே கிட்டாரும் வாசிப்பார்.

இது மின்சாரக் கிட்டார். கம்பிகளுக்குக் கீழே காந்தமும் அதைச் சுற்றி மெல்லிய தாமிரக் கம்பிச் சுருளும் இருக்கும். கம்பி அதிரும்போது சுருளில் மின்சாரம் உண்டாகும். அது ஒயர் வழியாக ஒலிபெருக்கிக்குப் போய்ப் பெரிய சத்தமாக வெளியே வரும்.

பேஸ் கிட்டாரைப் பலர் கவனிப்பதே இல்லை. அது அடித்தொண்டையில் முனகுவது போலக் கேட்கும். மிருதங்கத்தில் தொப்பி எப்படியோ, ராக்கில் பேஸ் கிட்டார் அப்படி. அதை நிறுத்தினால்தான் அதன் அருமை தெரியும். கூரை இருக்கும், தூண் போய்விட்டது போல ஆகிவிடும்.

சரி, இதைப் பெரிய மைதானத்தில் கேட்டால் என்ன? கேட்கலாம். ஆனால் அங்கே பாடகர் கட்டைவிரல் அளவுக்குத்தான் தெரிவார். அவருக்கும் நம் முகம் தெரியாது. சின்னக் கூடத்தில் கதை வேறு. கிட்டார்க்காரரின் விரல் நகர்வது தெரியும். டிரம்ஸ்காரரின் நெற்றி வேர்வை தெரியும். பாட்டு பிடிக்கவில்லை என்றால் நம் முகத்தைப் பார்த்தே அவர்கள் கண்டுகொள்வார்கள். கோயில் திருவிழாவில் தவில்காரருக்குப் பக்கத்தில் நின்று கேட்டவர்களுக்கு இந்த ருசி தெரியும்.

நிலவறையில் பாடிய நால்வர்

இங்கிலாந்தில் லிவர்பூல் என்று ஒரு துறைமுக நகரம் இருக்கிறது. அங்கே ஒரு பண்டகசாலைக் கட்டடத்துக்கு அடியில் ஒரு நிலவறை. காற்றோட்டம் கிடையாது. சுவரில் ஈரம் வழியும். 1957-ல் அதை "கேவர்ன் கிளப்" என்ற பெயரில் இசைக்கூடம் ஆக்கினார்கள்.

1961 பிப்ரவரியில் அங்கே உள்ளூர்ப் பையன்களின் கோஷ்டி ஒன்று வாசிக்க வந்தது. மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் கச்சேரி. அக்கம்பக்கத்து ஆபீசில் வேலை செய்யும் பெண்களும் பையன்களும் ரொட்டியைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டார்கள். 1963 ஆகஸ்டு வரை அந்தக் கோஷ்டி அங்கே ஏறக்குறைய 290 தடவை வாசித்தது!

அந்தக் கோஷ்டிதான் "பீட்டில்ஸ்". பிறகு உலகமே அவர்கள் பின்னால் ஓடியது.

290 தடவை என்பதைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். இரண்டரை வருஷத்தில் 290 தடவை ஒரே கூடத்தில் வாசித்தால் எத்தனை தப்பு திருந்தியிருக்கும்! எந்த இடத்தில் ஜனங்கள் கை தட்டுகிறார்கள், எந்த இடத்தில் கொட்டாவி விடுகிறார்கள் என்று எவ்வளவு தெரிந்திருக்கும்! வீட்டு மாடியில் பயிற்சி செய்தால் விரல் பழகும். எதிரே ஆள் உட்கார்ந்தால்தான் பாட்டு பழகும்.

நம் சென்னையில்

நம் நாட்டுக்கு இது புதிதா? இல்லை.

1970, 1971-ம் ஆண்டுகளில் ஒரு சிகரெட் கம்பெனி "சிம்லா பீட்" என்ற பெயரில் ராக் போட்டிகள் நடத்தியது. பல ஊர்க் கோஷ்டிகள் கலந்துகொண்டன. சென்னைக் கோஷ்டிகளும் போயின. அந்தப் பாட்டுகள் இசைத்தட்டாகவும் வந்தன. இப்போது அந்தத் தட்டுகளை வெளிநாட்டார் தேடிப் பிடித்து வாங்குகிறார்கள்.

ஏ.ஆர். ரகுமானைத் தெரியாதவர் உண்டா? 1992-ல் "ரோஜா" படம் வந்த பிறகு அவர் பெயர் ஊரெங்கும் தெரிந்தது. அதற்கு முன்பே அவர் சென்னையில் "நெமெசிஸ் அவென்யூ" என்ற ராக் கோஷ்டியை அமைத்தவர். "ரூட்ஸ்" என்ற கோஷ்டியில் டிரம்ஸ் சிவமணியோடு சேர்ந்து கீபோர்டு வாசித்தவர். "ராக் வாசிக்கிற பையன் உருப்படமாட்டான்" என்று சொல்கிறவர்கள் இதைக் கொஞ்சம் மனதில் வைக்க வேண்டும். ராக் வாசித்தவர் எல்லாரும் ரகுமான் ஆகிவிடுவார்கள் என்று நாம் சொல்லவில்லை. அப்படிச் சொன்னால் அது பொய்.

2000-க்குப் பிறகு சென்னை அடையாற்றில் "அன்வைண்ட் சென்டர்" என்ற இடம் உள்ளூர் ராக் கோஷ்டிகளுக்குப் புகலிடமாக இருந்தது. கல்லூரிப் பையன்கள் சொந்தப் பாட்டோடு அங்கே மேடை ஏறினார்கள்.

கர்நாடக சங்கீதத்திலும் இதே ஏற்பாடுதான். டிசம்பர் சீசனில் சாயங்காலக் கச்சேரி பெரிய வித்துவான்களுக்கு. பகல் கச்சேரி இளைஞர்களுக்கு. பல சபாக்களில் பகலில் டிக்கெட் கிடையாது. முன்வரிசையில் பத்து மாமாக்களும் அத்தைகளும் உட்கார்ந்து தாளம் போடுவார்கள். அந்தப் பத்துப் பேர் இல்லாவிட்டால் நாளைய வித்துவான் இல்லை. ராக் பையனுக்கும் அந்தப் பத்துப் பேர் வேண்டும்.

ஷில்லாங்கைப் பாருங்கள்

"சென்னை பெரிய பட்டணம். குன்னூர் மலையூர். இங்கே ராக் எல்லாம் எடுபடுமா?" என்று கேட்கலாம்.

மலையூர் ஒன்றையே சாட்சிக்கு அழைப்போம். மேகாலயா மாநிலத்தின் தலைநகரம் ஷில்லாங். அதுவும் குன்னூரைப் போலக் குளிர்ந்த மலையூர்தான். வெள்ளைக்காரர் காலத்தில் வளர்ந்த ஊர். மழை, மூடுபனி, மாதா கோயில், மிஷன் பள்ளிக்கூடம் எல்லாம் அங்கேயும் உண்டு.

அந்த ஊருக்கு இந்தியாவின் ராக் தலைநகரம் என்று பட்டப்பெயர்! அங்கே லூ மஜாவ் என்று ஒரு பாடகர். பாப் டிலன் என்ற அமெரிக்கப் பாடகரிடம் அவருக்கு அளவில்லாத பக்தி. டிலனின் பிறந்த நாள் மே 24. 1972-ல் தொடங்கி, அந்த நாளில் கச்சேரி நடத்துவதை அவர் விரதம் போல வைத்துக்கொண்டார். வயதான பிறகும் அரைக்கால் சட்டையோடு மேடையில் துள்ளினார். 2016-ல் டிலனுக்கு இலக்கியத்துக்கான நோபல் பரிசு கிடைத்தது. ஷில்லாங் மக்களுக்கு அது ஆச்சரியமாக இருந்திருக்காது. அவர்கள் 44 வருஷம் முன்பே பரிசு கொடுத்துவிட்டார்கள்!

குன்னூரில் என்ன குறை? மாதா கோயில்களில் பாட்டுக் குழுக்கள் உண்டு. பழைய பள்ளிக்கூடங்கள் உண்டு. பக்கத்து வெலிங்டனில் மெட்ராஸ் ரெஜிமென்ட் மையம் இருக்கிறது. படுகர் கிராமங்களில் கல்யாணம் என்றால் ஆட்டமும் பாட்டும் இல்லாமல் முடியாது. தேயிலைத் தோட்டத்து லயன்களில் பறையடிக்கத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள். காதும் கையும் உள்ள ஊர். கூடம்தான் இல்லை.

இல்லை என்று சொல்வதும் தப்பு. இருக்கிறது. பூட்டியிருக்கிறது.

வெள்ளைக்காரன் விட்டுப்போன கதவு

நீலகிரி மலையில் கிளப்புகளுக்குப் பஞ்சமில்லை. உதகை கிளப் உலகப் புகழ் பெற்றது. ஸ்நூக்கர் என்ற மேஜைப் பந்தாட்டத்தின் விதிகள் 1882-ல் அங்கேதான் எழுதி ஒட்டப்பட்டன என்பது வரலாறு. குன்னூரிலும் வெலிங்டனிலும் பழைய கிளப்புகள் உண்டு. மரத் தரை, கணப்பு அடுப்பு, உயரமான ஜன்னல்.

இவை வெள்ளைக்காரத் துரைமார் தங்களுக்காகக் கட்டிக்கொண்டவை. சாயங்காலம் குடிக்கவும் ஆடவும் கூடிய இடம். அந்தக் காலத்தில் நம்மவர் உள்ளே போகலாம், தட்டு ஏந்திக்கொண்டு!

துரைமார் போய்விட்டார்கள். கதவு அவ்வளவு சீக்கிரம் திறக்கவில்லை. 2014-ல் சென்னையில் நடந்ததை வாசகர்கள் மறந்திருக்கமாட்டார்கள். உயர் நீதிமன்ற நீதிபதி ஒருவர் வேட்டி கட்டிக்கொண்டு ஒரு கிளப் விழாவுக்குப் போனார். வேட்டிக்கு அனுமதி இல்லை என்று வாசலிலேயே நிறுத்திவிட்டார்கள். தமிழ்நாடு கொந்தளித்தது. அதே ஆண்டில் சட்டசபையில் சட்டம் வந்தது. வேட்டி கட்டியவரைத் தடுக்கும் கிளப்பின் உரிமம் ரத்தாகும் என்று ஆனது.

வேட்டிக்கு வழி பிறந்தது. உறுப்பினர் அல்லாதவருக்கு வழி பிறக்கவில்லை. கிளப் என்பது உறுப்பினர்களின் சொத்து. அவர்கள் இஷ்டம். சட்டப்படி அதில் குறை சொல்ல முடியாது. நம்முடைய வேண்டுகோள் சட்டத்தைப் பற்றியது அல்ல, மனசைப் பற்றியது.

இப்போது மலையூர்ப் பையன்கள் எங்கே வாசிக்கிறார்கள்? கல்லூரி ஆண்டு விழாவில் வாசிக்கிறார்கள். கிறிஸ்துமஸ் விழாவில் வாசிக்கிறார்கள். கல்யாண வரவேற்பில் வாசிக்கிறார்கள். சீசன் நேரத்தில் ஓட்டல்களில் வாசிக்கிறார்கள்.

ஓட்டலில் வாசிப்பது பெரிய சோதனை. சாப்பிட வந்தவர்கள் சினிமாப் பாட்டுத்தான் கேட்பார்கள். பையன் சொந்தமாகக் கட்டிய பாட்டை வாசித்தால் யாரும் நிமிர்ந்து பார்க்கமாட்டார்கள். கை தட்டவும் முடியாது. ஒரு கையில் கரண்டி, இன்னொரு கையில் செல்போன்! இப்படி நாலு வருஷம் வாசித்தால் பையன் கிட்டாரை விற்றுவிட்டுக் கோயமுத்தூரில் வேலை தேடிக்கொள்வான்.

கோத்தரின் ஊதுகுழல்

கேட்பவர் இல்லாவிட்டால் இசை என்ன ஆகும்? இந்த மலையே அதற்குப் பதில் சொல்லும்.

நீலகிரியின் ஆதி இசைக் கோஷ்டி கோத்தர்களுடையது. கோத்தர் பழங்குடி மக்கள். இரும்பு வேலை, மர வேலை, மட்பாண்டம் எல்லாவற்றிலும் கைதேர்ந்தவர்கள். அவர்களுக்கு ஏழு ஊர்கள். குன்னூரிலிருந்து சுமார் 20 கிலோமீட்டரில் உள்ள கோத்தகிரியின் பெயரிலேயே அவர்கள் இருக்கிறார்கள்.

அவர்களிடம் "கொள்" என்ற ஊதுகுழல் உண்டு. நாதசுரத்துக்குத் தம்பி என்று சொல்லலாம். அதோடு தப்பட்டை, மத்தளங்கள், வளைந்த கொம்பு. தோடர் வீட்டுச் சாவுக்கும் படுகர் வீட்டுச் சாவுக்கும் அவர்கள்தான் வாசித்தார்கள். பதிலுக்குப் படுகர் தானியம் கொடுத்தார்கள். தோடர் தங்கள் மந்தையிலிருந்து கொடுத்தார்கள். மலை முழுக்க ஒரே கோஷ்டியின் இசையைக் கேட்டது.

1930-க்குப் பிறகு இது முறிந்தது. படுகர்களில் சீர்திருத்தக்காரர்கள் கோத்தர் இசையை வேண்டாம் என்றார்கள். கோத்தர்களிலும் பலருக்கு, கூப்பிட்ட குரலுக்குப் போய்ச் சாவுக்கு வாசிப்பது தாழ்வாகப் பட்டது. அவர்கள் நினைத்ததில் தப்பில்லை. மரியாதை இல்லாத இடத்தில் எதற்காக வாசிக்க வேண்டும்?

ஆனாலும் நஷ்டம் நஷ்டம்தான். இன்று கோத்தர் தங்கள் சாமிக்கும் தங்கள் சடங்குக்கும் வாசிக்கிறார்கள். மார்கழி, தை மாதங்களில் நடக்கும் அவர்கள் திருவிழாவில் கேட்டால் உடம்பு சிலிர்க்கும். மற்ற மலைவாசிகளில் எத்தனை பேருக்கு அந்த இசை தெரியும்? வெளிநாட்டு ஆராய்ச்சியாளர்கள் வந்து அதைப் பற்றிப் புத்தகம் எழுதுகிறார்கள். நாமோ, பக்கத்து ஊரில் இருந்துகொண்டு ஒரு தடவைகூடக் கேட்டதில்லை.

மரியாதையோடு கூப்பிட்டு, கூலி கொடுத்து, உட்கார்ந்து கேட்க ஒரு பொதுக் கூடம் இருந்திருந்தால் கதை மாறியிருக்கலாம் என்று நமக்குத் தோன்றுகிறது.

நீலகிரியில் விழுந்த விதை

அந்த மாதிரி மரியாதையோடு ஒரு கோஷ்டி சென்னையில் மேடை ஏறியது. 2018 ஜனவரி 6. கீழ்ப்பாக்கத்தில் ஒரு பள்ளி மைதானம். டிக்கெட் இல்லை. ஆயிரக்கணக்கில் ஜனங்கள். மேடையில் 19 பேர் கோட்டு சூட்டோடு நின்றார்கள். கானாப் பாட்டு, பறை, சட்டி மேளம், மின்சாரக் கிட்டார், டிரம்ஸ் எல்லாம் ஒன்றாகச் சேர்ந்தன. சாவு வீட்டு வாத்தியம் என்று ஒதுக்கப்பட்ட பறை, மேடையின் நடுவிலே முழங்கியது.

அதன் பெயர் "தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்". சாதியற்றவர் குழு என்று பொருள். சினிமா டைரக்டர் பா. ரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையமும் இசையமைப்பாளர் டென்மாவும் சேர்ந்து அமைத்தது. சமைத்துப் போட்டே தேய்ந்த அம்மாக்களைப் பற்றி, சேரியைப் பற்றி, சாதிக் கொடுமையைப் பற்றி அவர்கள் தமிழிலேயே பாடினார்கள். ராக் என்றால் இங்கிலீஷ்தான் என்ற எண்ணம் அன்று உடைந்தது.

அந்தப் பெயருக்கு மூலம் எது தெரியுமா? "சாதி இல்லாத தமிழர்" என்று பேசிய பண்டிதர் அயோத்திதாசர். 1845-ல் பிறந்து 1914-ல் மறைந்தவர். அவர் நீலகிரியில் பல வருஷம் வாழ்ந்தவர்! இங்கேதான் அத்வைதானந்த சபையை ஏற்படுத்தினார். 1891-ல் திராவிட மகாஜன சபையின் மாநாடும் நீலகிரியில் நடந்தது.

விதை நம் மலையில் விழுந்தது. பாட்டு சென்னையில் முளைத்தது. அது ஒரு நாளாவது திரும்பி மலைக்கு வர வேண்டாமா?

பாடுவதற்கா பஞ்சம்?

"இங்கே எதைப் பற்றிப் பாடுவார்கள்?" என்று கேட்கிறவர்கள் உண்டு. நல்ல கேள்வி.

பச்சைத் தேயிலைக்கு விலை இல்லை என்று சிறு விவசாயிகள் எத்தனை வருஷமாகக் குரல் கொடுக்கிறார்கள்! அது ஒரு பாட்டு. 2009 நவம்பரில் இந்த மலை சரிந்து 40 பேருக்கு மேல் மாண்டார்கள். அது ஒரு பாட்டு. 1964 சாஸ்திரி-சிறிமாவோ ஒப்பந்தத்தால் இலங்கையிலிருந்து கப்பலேறி வந்த குடும்பங்கள் இந்த மலையில் இருக்கின்றன. அவர்களுக்கு வேலை கொடுக்க 1968-ல் அரசாங்கத் தேயிலைத் தோட்டத் திட்டம் தொடங்கியது. அக்கரையில் பிறந்து இக்கரையில் கொழுந்து கிள்ளிய பாட்டிமார் ஒவ்வொருவரிடமும் ஒரு பாட்டுக்கு வேண்டிய கதை இருக்கிறது.

இலங்கைத் தமிழர்கள் 1960-களின் கடைசியிலேயே மேற்கத்திய இசையைத் தமிழில் பாடிக் காட்டிவிட்டார்கள். "பொப்பிசை" என்று பெயர் வைத்தார்கள். நித்தி கனகரத்தினமும் ஏ.இ. மனோகரனும் கிட்டார் மெட்டில் வீட்டுச் சங்கதிகளைப் பாடினார்கள். தாத்தாவும் பேரனும் சேர்ந்தே ரசித்தார்கள். குன்னூர்ப் பையன் படுகர் மொழியிலும் தமிழிலும் அதே மாதிரி பாடினால் யார் வேண்டாம் என்பார்கள்?

அம்மா கேட்பது நியாயம்

அம்மாவின் பயத்தை நாம் கேலி செய்யவில்லை. "அங்கே குடிப்பார்களே!" என்கிறார். பல ஊர்களில் ராக் கூடமும் மதுக்கடையும் ஒன்றாகத்தான் இருக்கின்றன. சாராயம் விற்ற காசில்தான் கூடத்துக்கு வாடகை போகிறது. தமிழ்நாட்டில் 21 வயது ஆகாதவருக்கு மது விற்கக் கூடாது. ஆகவே, பள்ளிக்கூடப் பையனும் பெண்ணும் அப்படிப்பட்ட இடத்துக்கு வரவே முடியாது. ராக்கை மிகவும் விரும்புகிற வயது அதுதான்! மது இல்லாத கூடம் வேண்டும் என்று நாம் கேட்பதற்கு இதுவே பெரிய காரணம். காபியும் வர்க்கியும் விற்கட்டும். குன்னூர் வர்க்கிக்கு எந்தச் சாராயம் ஈடு?

"காது செவிடாகிவிடும்" என்கிறார் அம்மா. இதுவும் உண்மை. 2022-ல் உலகச் சுகாதார நிறுவனம் இசைக்கூடங்களுக்கு ஓர் அளவு சொன்னது. சராசரிச் சத்தம் 100 டெசிபெலைத் தாண்டக் கூடாது. காதில் வைக்க அடைப்பான் கொடுக்க வேண்டும். சத்தமில்லாத ஒரு மூலையும் இருக்க வேண்டும். சின்னக் கூடத்தில் இதைச் செய்வது சுலபம். ஒலிபெருக்கியைக் குறைத்து வைக்க ஒரு திருகாணி போதும். குழந்தைகளை ஒலிபெருக்கிக்கு முன்னால் நிற்க வைக்காதீர்கள்.

இன்னொன்றும் உண்டு. இது வெறும் ஊர் அல்ல, காட்டோடு ஒட்டிய ஊர். தோட்டத்து மைதானத்தில் பெரிய ஒலிபெருக்கி கட்டி ராத்திரி முழுக்க அலறினால் கரடியும் காட்டெருமையும் மிரளும். இரவு 10 மணிக்கு மேல் திறந்த வெளியில் ஒலிபெருக்கி வைக்கச் சட்டமும் இடம் கொடுக்காது. நாலு சுவரும் கனத்த கதவும் உள்ள கூடம்தான் மலைக்கு ஏற்றது.

பெண்பிள்ளைகள் விஷயத்தில் மட்டும் நாம் அம்மாவோடு கொஞ்சம் சண்டை போடுவோம். "தம்பி போகட்டும், நீ வேண்டாம்" என்று சொல்லாதீர்கள். பேஸ் கிட்டாருக்கு ஆண் விரல், பெண் விரல் தெரியாது. பயமாக இருந்தால் நீங்களும் கூடப் போங்கள். அம்மா உட்கார்ந்திருக்கும் கூடத்தில் எவனும் வாலாட்டமாட்டான்.

முதல் தடவை போகிறவர்களுக்கு

முதல் பாட்டு இரைச்சலாகத்தான் இருக்கும். எழுந்துவிடாதீர்கள். இரண்டாவது பாட்டில் டிரம்ஸை மட்டும் கவனியுங்கள். கால் தானாகத் தாளம் போடும். மூன்றாவது பாட்டில் பேஸ் கிட்டாரைத் தேடிப் பிடியுங்கள். அது பிடிபட்டுவிட்டால் மற்றதெல்லாம் தன் இடத்தில் வந்து உட்காரும்.

வார்த்தை புரியாவிட்டால் பாட்டு முடிந்ததும் கேளுங்கள். சின்னக் கூடத்தில் கேட்கலாம். "தம்பி, அந்த இரண்டாவது அடி என்ன?" என்று ஒரு பெரியவர் கேட்டால் பையனுக்கு அதைவிடப் பெரிய பரிசு கிடையாது. செல்போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டே நிற்காதீர்கள். பின்னால் இருப்பவருக்கு மறைக்கும்.

இலவச பாஸ் கேட்காதீர்கள். தெரிந்த வீட்டுப் பையன்தானே என்று நினைப்போம். தெரிந்த வீட்டுக் கடையில் அரிசி வாங்கினால் காசு கொடுக்கிறோமே! டிக்கெட் 100 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். 80 பேர் வந்தால் 8,000 ரூபாய். கூடத்துக்கும் ஒலிபெருக்கி வாடகைக்கும் பாதி போனால் மீதி 4,000. நாலு பேருக்கு ஆளுக்கு ஆயிரம். பணக்காரர் ஆகமாட்டார்கள். கிட்டாருக்குக் கம்பி வாங்கலாம். அடுத்த மாதமும் வரலாம்.

யார் திறப்பது?

புதுக் கட்டடம் வேண்டாம். நகராட்சிக் கூடம், பள்ளிக்கூடக் கூடம், மாதா கோயில் மண்டபம், சமுதாயக் கூடம் எதுவானாலும் சரி. மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை போதும். பழைய கிளப்புகளும் மனசு வைத்தால் உறுப்பினர் அல்லாதவருக்கு ஒரு சாயங்காலம் கதவைத் திறந்துவிடலாம். அந்த மரத் தரையில் கால் தாளம் நன்றாகக் கேட்கும்.

ஒரு மாதம் கல்லூரிப் பையன்களின் ராக் கோஷ்டி. அடுத்த மாதம் படுகர் பாட்டு. அதற்கு அடுத்த மாதம், கோத்தர் மனமுவந்து வந்தால், கொள்ளும் கொம்பும். எல்லாருக்கும் ஒரே டிக்கெட், ஒரே கூலி.

நேரம் மட்டும் முக்கியம். லண்டன் கணக்கில் ராத்திரி 9 மணிக்கு ஆரம்பித்தால் குன்னூரில் யாரும் வரமாட்டார்கள். மத்தியானம் 3 மணிக்கு ஆரம்பிக்கட்டும். 5 மணிக்கு முடியட்டும். லயன் வீட்டுப் பெண்களும் பஸ் பிடிக்கலாம். தெருவுக்குக் காட்டெருமை வருவதற்குள் எல்லாரும் வீடு போய்ச் சேரலாம்.